படித்து முடித்ததும், பாதியில் மூடியதும்

போன எட்டு மாதத்தில் ஒன்பது நாவல் எடுத்தேன். ஆறு முடிந்தது, இரண்டு பாதியில் கிடக்கிறது. ஒன்று மூன்றாவது முறையாக அதே இடத்தில் நின்றுவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசிவரை மறைத்துக்கொண்டே எழுதுவேன். பூமணியின் ‘அஞ்ஞாடி’. 2012இல் வந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல், 2014இல் சாகித்ய அகாதெமி விருது. "படிச்சாச்சா?" என்று யார் கேட்டாலும் "ம்" என்று ஒரு சத்தம் மட்டும் கொடுத்துவிட்டுப் பல வருடம் ஓட்டியிருக்கிறேன். ஆண்டியும் மாரியும் சின்னப் பயல்களாகச் சுற்றுகிற பக்கங்களை எத்தனை தடவை வேண்டுமானாலும் படிப்பேன். அப்புறம் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள், யாருக்கு யார் என்ன முறை என்பது எனக்குக் கை நழுவிவிடுகிறது. நாவல் 1899 சிவகாசிக் கலவரத்தை நோக்கி நகர நகர ஆவணத்தின் வாடை கூடுவதாகவும் படுகிறது. குறை முழுக்க என்னுடையதுதான் என்று அடக்கமாகச் சொல்லலாம். ஆனால் பாதிக்குமேல் ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை.

அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ வேறு மாதிரி ஏமாற்றியது. ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்த 1948, நிஜாம், அவர் பக்கம் நின்று ஆயுதம் தூக்கிய ரஜாக்கர்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டுத்தான் எடுத்தேன். பார்த்தால் பையன் சந்திரசேகரன் கிரிக்கெட் ஆடுகிறான், மாடு மேய்க்கிறான், நண்பர்களோடு கோபித்துக்கொள்கிறான். நூறு பக்கம் தாண்டியும் ‘சரித்திரம் எப்போ வரும்?’ என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டே படிக்கத் தொடங்கியதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் அந்தக் கடைசிப் பக்கங்கள். கலவரத்தில் சந்திரசேகரன் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். தன் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ள அந்த வீட்டுச் சின்னப் பெண் செய்ய முன்வரும் காரியத்தைப் பார்த்துவிட்டு ஓடுகிறான். அவ்வளவுதான், நாவல் முடிந்துவிடுகிறது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அந்த நூறு பக்கக் கிரிக்கெட் எதற்கு என்பது அப்போதுதான் உறைத்தது. ஓடியவன் ஒரு சரித்திர நாயகனாக இருந்திருந்தால் எனக்கு இப்படி இருந்திருக்காது. காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு போன பையன் அவன். இருந்தாலும் நடுவில் அலுத்தது அலுத்ததுதான், முடிவு நன்றாக இருந்ததற்காக அதை வாபஸ் வாங்க மாட்டேன்.

மூன்றாவது, இருபது வருடத்துக்குப் பிறகு மறுபடி எடுத்த தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’. கல்லூரி நாளில் பாபுவாகவே திரிந்தவன் நான். தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவை அவன் நினைத்து உருகியதையெல்லாம் அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோடுகளை இப்போது பார்க்கக் கூச்சமாக இருந்தது. ரங்கண்ணா பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் இடங்கள் மட்டும் இன்னும் மெருகேறியிருக்கின்றன. ஆனால் தங்கம்மாவை நான் எப்படி மறந்தேன்? பக்கத்து வீட்டில், கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண். பாபுவிடம் வருகிறாள், அவன் விலக்குகிறான், அவள் தற்கொலை செய்துகொள்கிறாள். முதல் வாசிப்பில் அது எனக்குப் பாபுவின் ஒரு சங்கடம், அவ்வளவே. இந்தத் தடவை அவள் செத்த பிறகு பாபுவின் சங்கீதத்தையோ ஏக்கத்தையோ முழு மனதாக ரசிக்க முடியவில்லை. தி.ஜா.வுக்கு அது தெரியாமலா இருக்கும் என்றும் தோன்றுகிறது, தெரிந்தும் கடந்து போய்விட்டாரோ என்றும் தோன்றுகிறது.

நீங்களும் ஒளிக்காமல் எழுதுங்கள். ‘காலத்தை வென்ற’, ‘உன்னதமான’ இரண்டு சொல்லுக்கும் இங்கே தடை.

*

அப்போ நானும் ஒளிக்கலை. ரெண்டு படமும் பார்த்தாச்சு, ‘பொன்னியின் செல்வன்’ மட்டும் மூணாம் பாகத்துல நிக்குது. ராத்திரி பூரா உட்கார்ந்து படிச்சா, ஒவ்வொரு அத்தியாயம் முடியும்போதும் யாராவது திடுக்கிடுறாங்க, எங்கயாவது ஒரு குரல் கேட்குது. பத்து அத்தியாயத்துக்கு மேல எனக்குத் திடுக்கிட முடியலை. எங்க அம்மா சொன்னாங்க: "அதை ஒரே மூச்சுல படிக்கச் சொன்னது யாரு? அது வாரா வாரம் வந்த கதைடா." 1950லேர்ந்து 54 வரைக்கும் பத்திரிகையில தொடரா வந்தது. இப்போ வாரத்துக்கு மூணு அத்தியாயம்னு வச்சிருக்கேன், அதுக்கு மேல பக்கத்தைத் தொடறதில்லை. நந்தினி வர்ற அன்னைக்கு மட்டும் விதியை மீறிக்கலாம்.

*

இமையத்தின் ‘செல்லாத பணம்’ பற்றி எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி. பொறியியல் படித்தவள், ஆட்டோ ஓட்டும் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொண்டவள். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வெளியே அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி. நாவலின் பெரும்பகுதி இந்தக் காத்திருப்புதான். 2018இல் வந்த நாவல், 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது பெற்றது.

என் வாசிப்புக் குழுவில் இருவர் இதைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். ஒரே பேச்சு, ஒரே புலம்பல், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள், நூறு பக்கம் வெட்டியிருக்கலாம் என்றார்கள். நான் ஒன்றும் பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருத்தி அப்படிக் கிடந்தபோது பதினோரு நாள் வார்டுக்கு வெளியே நின்றிருக்கிறேன். அங்கே யாரும் புது வாக்கியம் பேசுவதில்லை. "காலையில நல்லாத்தான இருந்தா" என்பதை என் சித்தி ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னார். வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து தொடங்குவார். யார் மேல் தப்பு என்று பேச்சு போகும், திரும்பும், காசு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை என்பார்கள், அப்புறம் மறுபடி "காலையில நல்லாத்தான இருந்தா". புத்தகத்தில் ரேவதியின் அம்மா அமராவதி பேசுவதைப் படித்தபோது சித்தியின் குரல் அப்படியே கேட்டது. பணம் கையில் இருந்தும் செல்லாமல் போகிற இடம் அது. தலைப்பை விளக்கத் தேவையே இல்லை எனக்கு.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். அந்தப் பதினோரு நாள் என் வாழ்க்கையில் இல்லாமலிருந்தால் நானும் ‘நூறு பக்கம் வெட்டலாம்’ கட்சியில்தான் இருந்திருப்பேனோ என்னவோ. ரவியின் பக்கத்துக் கதை வரும்போது எனக்குப் படிக்கவே பிடிக்கவில்லை. அவனுக்கும் வாய் கொடுத்திருக்கிறாரே என்று ஆசிரியர் மேல் கோபம் வந்தது. கொடுத்திருக்கத்தான் வேண்டும் என்பது புத்திக்குத் தெரிகிறது. மறுபடி படிக்க மாட்டேன். வீட்டில் யார் கண்ணுக்கும் படாத அலமாரியில் வைத்திருக்கிறேன்.

*

மேலே எழுதிய அக்காவுக்குப் பதில் சொல்ல வார்த்தை இல்லை. அதை விட்டுவிட்டு முதலில் எழுதிய அண்ணனிடம் வருகிறேன்.

தங்கம்மாவைக் கண்டுபிடிக்க இருபது வருடமா அண்ணா? பெண்கள் முதல் வாசிப்பிலேயே அங்கேதான் நிற்கிறோம். நானும் என் தோழிகள் நான்கு பேரும் படித்தோம், ஐந்து பேரும் யமுனாவைவிடத் தங்கம்மாவைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். நீங்கள் அடிக்கோடு போட்ட பிரதியை எங்களுக்கு அனுப்புங்கள், சிரித்துவிட்டுத் திருப்பித் தருகிறோம்.

ஆனால் தி.ஜா.வை அப்படிச் சுலபமாக விட்டுவிடவும் முடியவில்லை, ஏனென்றால் போன மாதம் ‘அம்மா வந்தாள்’ படித்தேன். 1966இல் எழுதியது என்றால் நம்ப முடியவில்லை. எல்லாரும் அந்த அம்மா அலங்காரத்தம்மாளைப் பற்றியே பேசுகிறார்கள். செய்கிற தப்புக்குப் பரிகாரமாக மகன் அப்புவை வேதம் படிக்க அனுப்பியவள், தைரியசாலி, திமிர் பிடித்தவள் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு அவள் கணவர் தண்டபாணிதான் தூக்கத்தைக் கெடுத்தார். மனைவியைத் தேடி இன்னொருவன் வீட்டுக்கே வந்து போகிறான். அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிற அந்த மனுஷர் கோழையா, பெரிய மனசா, அல்லது அவளுக்கு மிகப் பெரிய தண்டனையே அவருடைய மௌனம்தானா? மூன்று பதிலும் எனக்குச் சரியாகப் படுகிறது, அதனால் தூக்கம் வரவில்லை. பிடிக்காதது, அப்புவை விரும்பும் இந்து. ஆசைக்கு வாதாடவே செய்து வைத்த பொம்மை மாதிரி பேசுகிறாள்.

*

இந்துவைப் பொம்மை என்றதற்குக் கண்டனம். வாதாடுவதற்கும் ஒருத்தி வேண்டாமா? அந்தக் காலத்து விதவையை இவ்வளவு வாய் பேசவிட்டவர் வேறு யார் இருக்கிறார்? வேறொன்றும் சொல்வதற்கில்லை.

*

நம்ம கதை கொஞ்சம் அவமானமானது. ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ பத்தி எதுவுமே தெரியாம எடுத்தேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு செத்ததுக்கு மறுநாள், 1960 ஜனவரி 5, ஜோசஃப் ஜேம்ஸ்ங்கிற மலையாள எழுத்தாளர் செத்தார்னு தொடங்குது. தேதி, வயசு எல்லாம் துல்லியமா இருக்கு, பின்பாதியில அவரோட நாட்குறிப்பே வருது. ராத்திரி ஒரு மணிக்கு அவர் புத்தகம் மொழிபெயர்ப்பில கிடைக்குமான்னு தேடிட்டிருந்தேன். கிடைக்கலை. மறுநாள் மலையாளம் தெரிஞ்ச ஆபீஸ் நண்பர்கிட்ட "உங்க ஆளு ஜோசஃப் ஜேம்ஸ் படிச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டேன். அவரும் கௌரவமா "ஓ, கேள்விப்பட்டிருக்கேன்"னுட்டார்! அப்படி ஒரு ஆளே இல்லை, எல்லாம் சுந்தர ராமசாமியோட கைவேலைன்னு தெரிஞ்சப்போ யார் மேல கோபப்படறதுன்னே தெரியலை. நண்பர்கிட்ட இன்னும் சொல்லலை.

ஏமாந்த சந்தோஷம் போக, புத்தகம் எப்படி? முதல் பாதி கத்தி மாதிரி. நாட்குறிப்புப் பகுதி மேடையில நின்னு பேசற மாதிரி இருந்தது. ரெண்டு வரிக்கு ஒரு தத்துவம். இருபத்திரண்டு வயசுல படிச்சிருந்தா நோட்டுல எழுதி வச்சிருப்பேன்.

*

படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போனவர்கள் வேறு யாரும் உண்டா? ‘அசுரன்’ பார்த்த பிறகு பூமணியின் ‘வெக்கை’ எடுத்தேன். அடிதடியை எதிர்பார்த்துப் போனால், கொலை முதலிலேயே முடிந்துவிடுகிறது. பதினைந்து வயசுச் சிதம்பரம் அருவாளோடு ஓடுகிறான், அதற்கப்புறம் எட்டு நாள் தகப்பனும் மகனும் காடு கரடாக ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுப்பது, எதை அவித்துத் தின்பது, எந்தப் பக்கம் தண்ணீர் இருக்கும் என்பதுதான் பேச்சே. படத்தில் அப்பனின் இளமைக்காலம் பெரிதாக வரும், இங்கே அவ்வளவு இல்லை. கொலை செய்த பிள்ளையை ஒரு வார்த்தை திட்டாமல், தூங்குகிறானா என்று பார்த்துக்கொண்டிருக்கிற அய்யாவைப் படம் எனக்குத் தரவில்லை. 1982இல் எழுதிய சின்னப் புத்தகம், ஒரே ராத்திரியில் முடித்தேன். முதலில் எழுதிய நண்பருக்கு ஒரு யோசனை: அஞ்ஞாடியை விட்டுத் தள்ளிவிட்டு இதைப் படித்துவிட்டு மறுபடி போங்கள். அவர் வாக்கியத்தின் நடை காலுக்குப் பழகிவிடும்.

*

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972). ஜப்பான் ராணுவம் சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழையும் தொடக்கம் மாதிரி தமிழில் இன்னொன்று நான் படித்ததில்லை. பினாங்கில் நண்பர்கள் குடித்துக்கொண்டே சங்க இலக்கியத்தை வாரும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன். குறை: பாண்டியனின் தலைக்குள் ஓடும் நினைவுகள் ஒரு கட்டத்துக்குமேல் ஊர்ப் பெயர்ப் பட்டியலாகிவிடுகின்றன. பெண்கள் எல்லாம் நிழல்.

அதைவிடப் பத்தில் ஒரு பங்குகூடப் பேசப்படாத புத்தகம் ஒன்று சொல்கிறேன், ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’. 1964. பெரிய வீட்டு லிஸி, பனையேறி மகன் தங்கராஜ், அவ்வளவுதான் கதை. வயதுக்கு வந்ததும் லிஸியின் படிப்பு நிற்கிறது, வெளியுலகம் நிற்கிறது. அதைப் பற்றி ஒரு ஆவேசப் பேச்சும் இல்லை. வட்டார வழக்கு முதல் இருபது பக்கம் முரண்டு பிடித்தது. வாய்விட்டுப் படித்தேன், சரியாகிவிட்டது.

*

அஞ்ஞாடிக்கு என்னிடமும் ஒரு வைத்தியம் இருக்கு. சல்மாவோட ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ படிக்கும்போது ஏகப்பட்ட பேர், எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், ராபியாவுக்கு வஹிதா யாரு, ஃபிர்தவுஸ் யாருன்னு தலை சுத்திடுச்சு. கடைசி வெற்றுப் பக்கத்துல பென்சிலால குடும்ப மரம் போட்டேன். அதுக்கப்புறம் கதை தானா ஓடுச்சு. ஃபிர்தவுஸ் பேருக்குமேல கோடு போட வேண்டிய இடம் வந்தப்போதான் பென்சில் போட்டதுக்காக வருத்தப்பட்டேன்.

*

முதலில் எழுதியவன் மறுபடி. கண்டனங்களும் கேலியும் கிடைக்கப்பெற்றேன். அடிக்கோடு போட்ட பிரதி யாருக்கும் அனுப்பப்படாது.

வெக்கையை ஞாயிற்றுக்கிழமை முடித்தேன். பென்சிலோடு அஞ்ஞாடியை நான்காவது தடவையாகத் திறந்து வைத்திருக்கிறேன். இதுவரை முப்பத்தோரு பேரை எழுதியாயிற்று, வெற்றுப் பக்கம் நிரம்பிவிட்டது. போன தடவை மூடிய இடத்துக்கு இன்னும் எழுபது பக்கம். மாரியின் வழியில் வருகிற ஒருவனை மட்டும் யார் மகன் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முடித்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், "ம்" என்று மட்டும் சொல்கிறவர்கள் வேண்டாம்.