பூங்கா இடத்தில் கடைகள் கட்ட நகர்மன்றம் தீர்மானம் போட முடியுமா? உதவி தேவை

கேள்வி:
ஐயா, வணக்கம். நாங்கள் குடியிருப்பது தமிழ்நாட்டின் நகராட்சி ஒன்றுக்கு உட்பட்ட, 1994-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு. வரைபடத்தில் பூங்கா என்று குறிக்கப்பட்ட ஏறத்தாழ 40 சென்ட் இடம் இன்றுவரை வேலியில்லாமல் வெறுமையாகவே கிடக்கிறது. அந்த இடத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்ற பொருள், அடுத்த நகர்மன்றக் கூட்டத்திற்கு வருகிறது. நாங்கள் கொடுத்த மனுவுக்கு, "இடம் நகராட்சிக்குச் சொந்தமானது, மன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு" என்று ஒரு வரியில் பதில் வந்தது. பூங்கா இடத்தை உள்ளாட்சிக்கு ஒப்படைத்த தானப் பத்திரத்தின் நகல் எங்களிடம் இல்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

பதில் (நகரமைப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்):
உங்களுக்கு வந்த பதிலின் முற்பகுதி சரியாக இருக்கலாம், பிற்பகுதி சரியன்று. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும்போது திறந்தவெளிக்கென ஒதுக்கப்படும் நிலம், உள்ளாட்சி அமைப்புக்கு இலவசமாகத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்படுகிறது. இன்று நடைமுறையில் உள்ள 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டை நிலமாகவே கொடுத்தாக வேண்டும், அதற்குப் பதிலாகப் பணம் கட்டித் தப்ப முடியாது. இவ்வளவு கண்டிப்போடு பெறப்படும் நிலத்தை, சந்தையில் விலைக்கு வாங்கிய நிலத்தைப் போல நகராட்சி கையாள முடியாது. மனை வாங்கியவர்கள் அந்தப் பூங்காவையும் நம்பித்தான் பணம் கொடுத்தார்கள் என்பதை நான் பணியிலிருந்த காலத்திலேயே பலமுறை கோப்பில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவதாக, நில உபயோகத்தை மாற்றுவது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் நடக்க வேண்டிய காரியம். நகர்மன்றத் தீர்மானம் அந்தக் கோப்பில் சேரும் ஒரு தாள் மட்டுமே. அதனால் மட்டும் பூங்கா வணிக இடமாகிவிடாது.

முதலில் தானப் பத்திரத்தைத் தேடுங்கள். பழைய புல எண்ணைக் கொண்டு 1993 முதல் வில்லங்கச் சான்று போடுங்கள். அப்போது உங்கள் பகுதி ஊராட்சியாக இருந்திருந்தால், பத்திரம் ஊராட்சியின் பெயரில் இருக்கும். பலர் நகராட்சி என்ற பெயரில் மட்டும் தேடிவிட்டுப் பத்திரமே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

பதில் (வழக்கறிஞர்):
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. மருத்துவமனைக்கு அப்படிக் கொடுத்ததை எதிர்க்கும் உரிமை அப்பகுதிக் குடியிருப்பாளர்களுக்கு உண்டு என்பதும் அதே தீர்ப்பில் தெளிவாக்கப்பட்டது. ஆகவே "உங்களுக்கு இதில் என்ன சம்பந்தம்" என்று எவரேனும் கேட்டால் தயங்க வேண்டாம். ஆனால் ஆவணங்கள் கைக்கு வராமல் நீதிமன்றத்துக்கு விரைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கூட்டத்திற்கு முன்பே ஆணையருக்கும் நகர்மன்றத் தலைவருக்கும் எழுத்துப்பூர்வமான ஆட்சேபணையைக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்; ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் நகலையும் கூட்டப் பொருளுக்கான அலுவலகக் குறிப்பையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். பதிலுக்கு 30 நாட்கள் என்பதால் இன்றே அனுப்புவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி தேடியதில், பழைய ஊராட்சியின் பெயரில் 1994-இல் பதிவான பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைத்துவிட்டது. அதில் "பூங்கா உபயோகத்திற்காக" என்றே எழுதியிருக்கிறது. ஆனால் நகர நில அளவைப் பதிவேட்டில் அதே இடம் "நகராட்சி காலியிடம்" என்று உள்ளது.

பதில் (ஓய்வுபெற்றவர்):
சிக்கல் அங்கேதான் தொடங்கியிருக்கிறது. அளவையின்போது நிலத்தில் கண்டதை எழுதியிருப்பார்கள். வேலியும் மரமும் இல்லாததால் அது காலியிடமாகிவிட்டது. பத்திரத்தின் சான்றிட்ட நகலை இணைத்து, பதிவேட்டில் பூங்கா என்று திருத்தும்படி வருவாய்த் துறைக்கு ஒரு மனுவும், அந்த மனுவின் நகலோடு ஆணையருக்கு இன்னொரு மனுவும் கொடுங்கள். இடத்தைச் சுற்றி வேலியமைத்துப் பெயர்ப்பலகை வைக்கும்படியும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.