24 ஹெச்பி மினி டிராக்டருக்கு 5 அடி ரோட்டவேட்டர் எடுக்கலாமா? ஹிட்ச் பின் சந்தேகமும் இருக்கு

திருவட்டார் விளைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு திருவட்டார் பக்கம் மூணு ஏக்கர் சொச்சம் கெடக்கு, மேல விளையில தென்னையும் ஊடால ஏத்தன் வாழையும், ஒரு துண்டு மரச்சீனி, கீழ ஏலாவுல 80 செண்ட் வயல். போன மாசம் செகண்ட் ஹேண்டுல ஒரு 24 ஹெச்பி மினி டிராக்டர் எடுத்தேன், 4 வீல் டிரைவ், பிடிஓ (பின்னால மாட்டுற கருவிய சுத்துற தண்டு) பவர் 22 ஹெச்பி, லிஃப்ட் 750 கிலோன்னு புக்ல போட்டுருக்கு. இப்ப கருவி வாங்கணும், அங்கதான் கொழப்பம். கடைக்காரர் மண்ண கெளறுற ரோட்டவேட்டர்ல 5 அடியே எடுங்க, வெயிட்டு 350 கிலோதான், உங்க லிஃப்ட் 750, தாராளமா தூக்கும், நாளைக்கு பெரிய வண்டி எடுத்தாலும் இதையே மாட்டிக்கிடலாம்னு சொல்லுகாரு. கணக்கு சரியாத்தான் தெரியுது, ஆனா மனசு ஒப்பல. ரெண்டாவது, மாமா வீட்ல ஒரு 9 கொழு கல்டிவேட்டர் சும்மா கெடக்கு, கொண்டு வந்து மாட்டிப் பாத்தா அதோட பின் நம்ம வண்டி லிங்க் (பின்னால கருவிய புடிக்குற கை) ஓட்டையில போகவே இல்ல, கடைஞ்சு சின்னதாக்கிக்கலாமா? மூணாவது, வாழைக்குலை ஏத்த ஒரு சின்ன டிரெய்லர், அதுக்கு கொக்கி எந்த எடத்துல போடணும்? தெரிஞ்சவங்க வெவரமா சொல்லுங்க, ரெண்டு வருஷ குலைக்காசு இதுல கெடக்கு.

தோவாளை வயல்:
அண்ணே, 5 அடி வேண்டவே வேண்டாம், முதல்ல அத சொல்லிட்டு காரணத்த சொல்லுகேன், ஏன்னா நான் 27 ஹெச்பி வண்டில 5 அடி மாட்டி ஒரு வருஷம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லிஃப்ட் 750 கிலோங்கறது கீழ் லிங்க் ரெண்டோட நுனில, அந்த உருண்டை இருக்குல்ல, அங்க தூக்குற கணக்கு. ரோட்டவேட்டரோட பாரம் அந்த நுனில இல்ல, அதுக்கும் பின்னால ஒண்ணரை அடி தள்ளி உக்காந்துருக்கும். பின்னால போகப்போக தூக்குற சக்தி கொறையும். சரி, 350 கிலோவ தூக்கவும் தூக்கிடும், அதுல சந்தேகமில்ல, பிரச்சினை தூக்குறதுல இல்ல, தூக்குன பொறவு முன்சக்கரம் தரையில நிக்குமான்னுதான் பாக்கணும்.

இப்படி கணக்கு போட்டு பாருங்க. உங்க வண்டி சுமாரா 1000 கிலோன்னு வைங்க, அதுல முன்னால ஒரு 430 கிலோ நிக்கும். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவுல ஒண்ணரை மீட்டர். ரோட்டவேட்டர் பாரம் பின் ஆக்சில்லேர்ந்து 1.2 மீட்டர் பின்னால. அப்ப 350ஐ 1.2ஆல பெருக்கி 1.5ஆல வகுத்தா 280. அதாவது தூக்குன உடனே முன்னால 280 கிலோ கொறைஞ்சு போகும், மிச்சம் நிக்கது 150தான். வண்டி எடையில அஞ்சுல ஒரு பங்காவது, அதாவது 200 கிலோ, முன்சக்கரத்துல நிக்கணும், அதுக்குக் கீழ போனா ஸ்டியரிங் திருப்புனாலும் வண்டி நேராத்தான் போகும். இது சமதரைக் கணக்கு, வரப்பு ஏறும்போது சொல்லவே வேண்டாம். நான் ஏத்தத்துல ஒரு கையாலைய இடிச்சுட்டேன், ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சும் திரும்பல. இதே 3.5 அடி மெஷின்னா சுமாரா 200, 220 கிலோ, பாரமும் கொஞ்சம் கிட்ட வரும், முன்னால 270 கிலோ பக்கம் நிக்கும். அந்த வித்தியாசம் கையில தெரியும்.

இன்னொண்ணு பவர். ரோட்டவேட்டருக்கு ஒரு அடி அகலத்துக்கு 6 பிடிஓ ஹெச்பியாவது வேணும், காஞ்ச செம்மண்ணு, சரளைன்னா 7, 8 கூட கேக்கும். 22ஐ 6ஆல வகுத்தா மூணரை அடி சொச்சம். எஞ்சின் ஹெச்பிய வச்சு கணக்கு போடாதிய, பிடிஓ ஹெச்பிதான் கணக்கு. 5 அடி மாட்டினா மண்ண சீவிட்டு போகும், ஆழம் கொடுத்தா எஞ்சின் பொகைய கக்கி நின்னுரும். கடைக்காரர் சொன்ன அந்த பெரிய வண்டி வரும்போது பாத்துக்கிடலாம்.

கருவி வாங்குறதுக்கு முன்னால உங்க வண்டி மாடலோட புத்னி டெஸ்ட் ரிப்போர்ட் கேளுங்க. மத்தியப் பிரதேசத்துல புத்னின்னு ஒரு எடத்துல மத்திய அரசோட டிராக்டர் சோதனை நிலையம் இருக்கு, பிடிஓ பவரையும் லிஃப்ட்டையும் அங்க அளந்தே போட்டுருப்பான்.

மார்த்தாண்டம் லேத்து:
பின் விஷயம் நான் சொல்லுகேன், தெனமும் இதே வேலைதான் பாக்கேன். தயவுசெஞ்சு பின்ன கடையாதிய தம்பி. கருவி மாட்டுற இணைப்ப அளவு வாரியா கேட்டகரின்னு பிரிச்சுருக்காங்க, உங்க மினி வண்டிக்கு கேட்டகரி 1, கீழ் லிங்க் பின் 22 எம்எம், மேல நடுவுல உள்ள டாப் லிங்க் பின் 19 எம்எம். மாமாவோட கல்டிவேட்டர் பெரிய வண்டிக்கு உள்ளது, கேட்டகரி 2, கீழ 28, மேல 25. சின்ன பின்ன பெரிய ஓட்டைல மாட்டணும்னா புஷ் (பின் மேல போடுற வளையம்) போட்டா தீந்துச்சு, கடையில 22க்கு 28 புஷ் ரெடிமேடாவே கெடைக்கும். ஆனா உங்களுக்கு தலைகீழா இல்ல நிக்கி, பெரிய பின் சின்ன ஓட்டை, அதுக்கு புஷ் கெடையாது. 28 பின்ன 22 ஆக்கினா பலம் பாதிக்கும் கீழ போயிரும், அதுபோக தோள் இருக்க எடத்துல கூர்மையா ஒரு வெட்டு விழும், கல்லுல மாட்டுன அன்னைக்கு அங்கதான் ஒடியும். நட்டு போட்டு மாட்டுற பின்னா இருந்தா கழட்டி 22 எம்எம் பின்னே போடலாம், ஆனா ரெண்டு பின்னுக்கும் நடுவுல உள்ள அகலமும் மாறணுமே, கேட்டகரி 1க்கு 683 எம்எம், 2க்கு 825. விரிச்சு மாட்டினா லிங்க் ரெண்டும் கோணையா நின்னு ஒரு பக்கமா இழுக்கும்.

சில மினி வண்டில கேட்டகரி 1N-னு ஒண்ணு வருது, பின் அதே 22தான், அகலம் மட்டும் 400 எம்எம். அதனால கருவி வாங்கப் போகும்போது பின் தடிமனையும் அகலத்தையும் அளந்து எழுதி கையில கொண்டு போங்க, மினி டிராக்டருக்குன்னு சொன்னா மட்டும் போதாது. அப்புறம் பின்னு சரியாவே போனாலும் 9 கொழுவ இழுக்க 40 ஹெச்பிக்கு மேல வேணும். உங்க வண்டிக்கு 5 கொழு சரியா இருக்கும்.

பிடிஓவையும் கருவியையும் இணைக்குற ஷாஃப்ட்ட பத்தி யாருமே கேக்க மாட்டாங்க, ஒடைஞ்ச பொறவுதான் எங்கிட்ட வருவாங்க. மினி வண்டிக்கும் ரோட்டவேட்டருக்கும் இடைவெளி கொறவு, கூட வர்ற ஷாஃப்ட் பெரும்பாலும் நீளமாத்தான் இருக்கும். வெட்டாம மாட்டினா தூக்கி எறக்கும்போது ரெண்டு குழாயும் முட்டி, பிடிஓ பேரிங்கயோ ரோட்டவேட்டர் கியர்பாக்ஸயோ ஒடைச்சுரும். எஞ்சின நிறுத்திட்டு மெதுவா ஏத்தி எறக்கி எந்த நெலையில ரெண்டு முனையும் ரொம்ப கிட்ட வருதோ அங்க அளந்து, ஒரு இஞ்சு மிச்சம் இருக்குற மாதிரி உள்குழாய், வெளிகுழாய், ரெண்டு பிளாஸ்டிக் கவர் எல்லாத்தையும் ஒரே அளவுக்கு வெட்டணும். எட்டப் போற நெலையிலயும் மூணுல ஒரு பங்காவது உள்ள இருக்கணும். மாட்டும்போது உள்பக்க யோக்கு (ஷாஃப்ட் முனையில உள்ள கவட்டை) ரெண்டும் ஒரே நேர்ல நிக்கணும், மாறிப்போனா அதிர்ந்தே அதுக்குள்ள உள்ள கிராஸ் மூட்டு போயிரும். அந்த பிளாஸ்டிக் கவர கழட்டி எறிஞ்சிராதிய, சாரத்து நுனியோ துண்டோ சுத்துச்சுன்னா கை எட்டுறதுக்கு முன்னால ஆள இழுத்துரும்.

குலசேகரம் ரப்பர்:
டிரெய்லர் கேள்விக்கு வாறேன். கொக்கி எப்பவும் கீழ, பின் ஆக்சிலுக்குக் கீழ உள்ள டிராபார்லதான் (டிரெய்லர் இழுக்குற இரும்புப் பட்டை). டாப் லிங்க் மாட்டுற எடத்துலயோ அதுக்கு கிட்டயோ எதையும் கட்டி இழுக்கவே கூடாது. நம்ம பக்கம் ஒரு தோட்டத்துல வெட்டுன ரப்பர் தடிய இழுக்க சங்கிலிய மேல கட்டிட்டாங்க, தடி வேர்ல சிக்கிக்கிச்சு, கிளச்ச விட்டதும் சக்கரம் நிக்க வண்டி மூக்கு மேல எந்திரிச்சு அப்படியே பின்னால சாய்ஞ்சுது, பின்னாடி திட்டு இருந்ததால பாதில நின்னுச்சு, ஓட்டுன பையன் தப்பிச்சான். ஒரு நொடிதான், கிளச்ச மிதிக்க நேரமே கெடையாது. நான் பாத்துக்கிட்டு நின்னேன், இப்பவும் நெனைச்சா உள்ளங்கை வேர்க்கும்.

கீழ் லிங்க் ரெண்டும் டாப் லிங்க் ஒண்ணும் சேந்த இந்த மூணு புள்ளி இணைப்பே அந்த ஆபத்த தடுக்கத்தான் வந்துச்சு. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் 1926ல பேட்டண்ட் வாங்குனாரு, அதுக்கு முன்னால ஏர் பாறையில மாட்டுனா வண்டி மறிஞ்சு ஓட்டுறவன் மேலயே விழும். இதுல ஏர் இழுபடும்போது டாப் லிங்க் முன்னோக்கி தள்ளி முன்சக்கரத்த தரையில அமுக்குது. 1939ல ஃபோர்டு 9என் டிராக்டர்ல வந்தபொறவு உலகம் பூரா இதுதான். உங்க வண்டில லிஃப்ட் பக்கத்துல ரெண்டு லிவர் இருந்தா ஒண்ணு டிராஃப்ட், ஒண்ணு பொசிஷன். கல்டிவேட்டர் மாட்டினா டிராஃப்ட்ல வைங்க, மண்ணு இறுகினா அதுவே கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ரோட்டவேட்டர் மாட்டினா பொசிஷன்ல, வச்ச ஒசரத்துலயே நிக்கும்.

டிரெய்லர் லோடு, நம்ம ஏத்த எறக்கத்துக்கு ஒரு டன்னுக்கு மேல ஆசைப்படாதிய. சமதரையில ரெண்டு டன்னும் இழுத்துரும், எறக்கத்துல அத நிறுத்துறதும் அதே ஒரு டன் வண்டிதானே, டிரெய்லர்ல பிரேக் இல்லன்னா பின்னாலேர்ந்து தள்ளும். கியர நியூட்ரல்ல போட்டு எறங்கவே கூடாது, பிரேக் பெடல் ரெண்டையும் சேத்து பூட்டிட்டுத்தான் ரோட்டுல போகணும்.

சுசீந்திரம் அண்ணாச்சி:
நல்லா சொல்லிருக்கிய எல்லாரும். நான் பயிர் பக்கத்த சொல்லுகேன் மக்ளே. தென்னை மூட்டுலேர்ந்து ஆறடிக்குள்ள ரோட்டவேட்டர விடாத, உறிஞ்சுற வேரு அந்த சுத்துலதான் கெடக்கு. 25 அடி இடைவெளில நட்டுருந்தா நடுவுல 13 அடி மிஞ்சும், மூணரை அடி மெஷின் நாலு தடவ போய் வந்தா போதும். வாழைக்கு நடவுக்கு முன்னால ஓட்டு, நட்டு நாலு மாசம் ஆன பொறவு ஊடால எறக்காத, வாழை வேரு மேலாப்புல ஓடும். வயலுக்கு மினி வண்டி ரொம்ப நல்லது, வெயிட்டு கொறவா இருக்கதால ஆழப் புதையாது, அரை கேஜ் வீல் (இரும்புக் கூண்டு சக்கரம்) மாட்டி தொளி அடிச்சா கன்னிப்பூ, கும்பப்பூ ரெண்டு போக நெல்லுக்கும் ஆள் தேடி அலைய வேண்டாம். ஆனா கேஜ் வீலோட ரோட்டுல ஏறாத, வயல்ல வச்சு மாட்டி வயல்லயே கழட்டு. பிளேடு எல் டைப் வாங்கு, விளைக்கு அதுதான். வாழைநாரும் தென்னோலையும் சுத்துனா எஞ்சின நிறுத்தி சாவிய எடுத்த பொறவு குனிஞ்சு எடு.

மானியம் கேட்டியா? வேளாண்மைப் பொறியியல் துறையில சிறு, குறு விவசாயிக்கு 50 சதவீதம், மத்தவங்களுக்கு 40, உச்சவரம்பு உண்டு. உழவன் செயலில பதிஞ்சு வை, வாங்கிட்டுப் போனா கெடைக்காது, முதல்ல அனுமதி வாங்கணும். அந்த ஆபீஸ்லயே கருவி வாடகைக்கும் உண்டு, ஒரு நாள் எடுத்து உன் விளையில ஓட்டிப் பாத்துட்டு பொறவு வாங்கு.

திருவட்டார் விளைக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து டேப்பு வச்சு அளந்தேன், பின் டயர் வெளிப்பக்கம் தொட்டு வெளிப்பக்கம் 3 அடி 7 இஞ்சு வருது. மூணரை அடி எடுத்தா டயர் தடம் ஒரு இஞ்சு வெளிய தெரியுமே, ரிம்ம திருப்பி மாட்டி சக்கரத்த உள்ள தள்ளிரலாமா?

குலசேகரம் ரப்பர்:
வேண்டாம். சரிவுல சக்கரம் எவ்வளவு அகலமா நிக்குதோ அவ்வளவு நல்லது, உள்ள தள்ளினா பக்கவாட்டுல சாய்ஞ்சுரும். சக்கரத்த அப்படியே விட்டுட்டு ரோட்டவேட்டர ஒரு பக்கமா ரெண்டு, மூணு இஞ்சு நகத்தி மாட்டுங்க, நெறைய மாடல்ல பின் நகத்த ஓட்டை இருக்கும். ஒரு தடம் அழிஞ்சுரும், அடுத்த தடத்த அடுத்த ஓட்டம் அழிச்சுரும். கீழ் லிங்க் பக்கவாட்டுல ஆடாம புடிக்குற செக் செயின் ரெண்டையும் இறுக்கிருங்க, ஆடிச்சுன்னா டயர்ல உரசும்.

தோவாளை வயல்:
ஆமா, அதுதான் சரி. ஆனா ஒரு பக்கமாவே சுத்தி வரணும், போன தடத்துலயே திரும்பி வரக்கூடாது.

திருவட்டார் விளைக்காரன்:
புரிஞ்சுது. அப்ப மூணரை அடி எல் பிளேடு, 22 எம்எம் பின், 5 கொழு கல்டிவேட்டர். மாமாகிட்ட 9 கொழுவ திருப்பி விட்டாச்சு. திங்கக்கிழமை பொறியியல் துறை ஆபீஸுக்கு போறேன், அனுமதி வந்து மெஷின் எறங்குனதும் ஷாஃப்ட்ட மார்த்தாண்டத்துக்கு கொண்டு வாறேன் அண்ணே, வெட்டித் தருவியளா?

மார்த்தாண்டம் லேத்து:
ஷாஃப்ட்ட மட்டும் கொண்டு வந்தா அளக்க முடியாது. வண்டில ரோட்டவேட்டர மாட்டி வண்டியோட வாங்க, ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தாறேன்.