நாய்க்கு விடுகிற தெள்ளு மருந்தைப் பூனைக்குப் பாதியாக விடலாமா?

கேட்டவர்: கொக்குவில் பூனைக்காரி

வீட்டில் ஒரு தாய்ப் பூனை, ஐந்து கிழமைக் குட்டிகள் மூன்று, அதோடு ஜிம்மி என்று ஒரு நாய். இரண்டு மாதமாகத் தெள்ளுத் தொல்லை தாங்க முடியவில்லை, இரவில் விறாந்தையில் பாய் போட்டுப் படுத்தால் காலையில் கணுக்கால் முழுக்கத் தடிப்பு. நேற்று டவுனில் ஒரு கடையில் கேட்டேன். பூனைக்கென்று தனியாக ஒன்றும் இல்லையாம், நாயின் பிடரியில் விடுகிற சின்னக் குழாய்தான் இருக்கிறதாம். "நாயிலையும் பூனையிலையும் ஒரே தெள்ளுத்தானே தங்கச்சி, பாதியை விடுங்கோ" என்றார். இரண்டு வாங்கி வந்து ஒன்றை ஜிம்மிக்கு நேற்றே விட்டுவிட்டேன். மற்றது மேசையில் இருக்கிறது. தாய்க்குப் பாதி, குட்டிகளுக்கு ஒவ்வொரு சொட்டு விடலாமா?

மறுமொழி: இணுவில் அக்கா

தங்கச்சி, முதலில் அந்தக் குழாயை எடுத்து ஒளித்து வையுங்கள். நானும் என் பூனைக்கு இப்படித்தான் பாதி விட்டேன். பின்னேரம் விட்டது, விடியற்காலை பார்த்தால் காது துடிக்கிறது, முதுகுத் தோல் தண்ணீர் அலை மாதிரி ஓடுகிறது. தெள்ளு கடிக்கிறது போலிருக்கு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன், அதுதான் என் பிழை. ஒரு மணித்தியாலத்தில் வாயால் நுரை, நாலு காலும் இழுத்துக்கொண்டு வலிப்பு. கோப்பை கழுவுகிற சோப்பைப் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் பிடரியைக் கழுவி, துவாயில் சுற்றி ஆட்டோவில் கொண்டு ஓடினோம். இரண்டு நாள் ஊசி போட்டுத்தான் பிழைத்தாள்.

மறுமொழி: மானிப்பாய் அண்ணை

இந்தக் குழாய், கீழாய் எல்லாம் எதற்கு? எங்கட அம்மா வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் குழைத்துப் பூசிவிடுவா. ஒரு தெள்ளு நிற்காது. இயற்கையானது, பக்க விளைவும் இல்லை.

மறுமொழி: பேராதனையில் படித்தவன்

கடைக்காரர் சொன்னதில் பாதி சரி. நாயில் இருப்பதும் பெரும்பாலும் பூனைத் தெள்ளுதான். ஆனால் மருந்து தெள்ளைக் கொன்றால் மட்டும் போதாது, அதைச் சுமக்கிற உயிரும் தாங்க வேண்டும். நாய்க்கான குழாய்கள் பலவற்றில் பெர்மெத்ரின் என்கிற பூச்சிக்கொல்லி இருக்கிறது, அதுவும் நூற்றுக்கு 45, 65 என்கிற அளவில். நாயின் ஈரல் அதை உடைத்து வெளியே அனுப்பிவிடும், பூனையின் ஈரலில் அதற்கான நொதியம் போதுமான அளவு இல்லை. பூனைக்குப் பனடோல் (பாரசிட்டமோல்) கொடுக்கக் கூடாது என்பதும் இதே வகைக் குறைபாட்டால்தான். அதனால் பாதி, கால்வாசி என்று கணக்குப் பார்க்கிற விஷயமே இல்லை.

பெட்டியில் பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் என்று 'மெத்ரின்' வால் தெரிந்தால் பூனைக்கு வேண்டாம். (ஃபுளுமெத்ரின் உள்ள பூனைக் கழுத்துப் பட்டி மட்டும் விதிவிலக்கு, அது பூனைக்கென்றே செய்தது.) ஃபிப்ரோனில் என்கிற வேறு தெள்ளு மருந்தின் பெயர் போட்டிருந்தால் உடனே சந்தோஷப்படவும் வேண்டாம், அதோடு பெர்மெத்ரினும் சேர்ந்த நாய் மருந்துகள் உண்டு, முழு லேபிளையும் வாசியுங்கள். பூனைக்கென்று வருகிற ஃபிப்ரோனில் குழாய் நல்லதுதான், ஆனால் 8 கிழமைக்குக் குறைந்த குட்டிகளுக்கு அதுவும் கூடாது. தாய் பால் கொடுப்பதால் அவளுக்கும் மிருக வைத்தியரிடம் கேட்டுவிட்டே விடுங்கள்.

மானிப்பாய் அண்ணை, கோபிக்க வேண்டாம். பூசியதை எல்லாம் பூனை நக்கும், கற்பூரம் வயிற்றுக்குள் போனால் அதற்கும் வலிப்பு வரும். அரளிக்காயும் இயற்கைதானே.

கேட்டவர்: கொக்குவில் பூனைக்காரி

பெட்டியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தேன், பெர்மெத்ரின்தான். பூனைப் படம் ஒன்றில் குறுக்குக் கோடும் போட்டிருக்கிறது, தம்பியின் நகத்தளவு கூட இல்லை. இப்போது பயம் என்னவென்றால் தாய்ப் பூனை தினமும் ஜிம்மியின் வயிற்றோடு ஒட்டித்தான் படுக்கிறாள்.

மறுமொழி: பேராதனையில் படித்தவன்

இப்பவே பிரியுங்கள். மூன்று நாளாவது ஜிம்மி வேறு இடத்தில் இருக்கட்டும், அவனை அவள் நக்கவும் விடக்கூடாது. அறிகுறி சில மணித்தியாலத்திலும் வரும், மூன்றாம் நாளும் வரும். காது துடித்தால், நடை தள்ளாடினால் இணுவில் அக்கா மாதிரிக் கழுவிவிட்டு ஓடுங்கள், சுடுதண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், மருந்து இன்னும் உள்ளே இறங்கும்.

குட்டிகளுக்கு இப்போதைக்குத் தெள்ளுச் சீப்புத்தான். நெருக்கமான பேன் சீப்பாலும் வாரலாம், வாரியதைச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால் தெள்ளு தாழ்ந்துவிடும். உதட்டைத் தூக்கி முரசைப் (பல் ஈறை) பாருங்கள், வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது, அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். பாய், சாக்கு எல்லாம் அவித்துத் தோய்த்து வெயிலில் போடுங்கள். ஒரு பெண் தெள்ளு நாளுக்கு 40, 50 முட்டை இடும், அவை மயிரில் ஒட்டாமல் நிலத்தில் கொட்டும், கூட்டுப்புழு மாதக்கணக்கில் வெடிப்புக்குள் காத்திருக்கும். பூனையை மட்டும் பார்த்தால் திரும்பத் திரும்ப வரும்.

கேட்டவர்: கொக்குவில் பூனைக்காரி

ஜிம்மி பின்வளவில், ஊளையிட்டுக்கொண்டு இருக்கிறான். குட்டிகளின் முரசு சிவப்பாகத்தான் இருக்கிறது. அம்மம்மாவின் பேன் சீப்பால் மூத்த குட்டியை வாரினேன், கிண்ணத்தில் இருபத்திமூன்று மிதக்காமல் கிடக்கிறது. மற்ற இரண்டும் கட்டிலுக்குக் கீழே ஓடிவிட்டன.