தேர் வீடியோ: ட்ரான்சிஷன் ஏன் உறைகிறது, கிளிப்பை எப்படி அனுப்புவது

எல்லோருக்கும் வணக்கம்.

தேர்த் திருவிழா வீடியோவின் முதல் எடிட்டைப் பார்த்துவிட்டு சிங்கப்பூர் தம்பி கேட்ட கேள்விக்கு அவருக்கு மட்டும் பதில் போடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மெல்போர்னிலிருந்தும் துபாயிலிருந்தும் அதே கேள்வி வந்திருக்கிறது. ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்கு மாறும் இடத்தில், அதாவது ட்ரான்சிஷனில், படம் உறைந்து நிற்கிறது, இல்லையென்றால் டிசால்வ் விழவே மாட்டேன் என்கிறது. எடிட் செய்கிற மூன்று பேரும் மூன்று வேறு மென்பொருள் வைத்திருக்கிறார்கள். மூன்றிலும் ஒரே கோளாறு என்றால், காரணம் மென்பொருளில் இல்லை, நம் கையில் இருக்கும் கிளிப்பில்தான் இருக்கிறது. அதனால் கிளிப் அனுப்பியவர்களும் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். பாதி மருந்து உங்கள் போனில்தான் இருக்கிறது.

டிசால்வ் என்பது இரண்டு படங்கள் கொஞ்ச நேரம் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுவது. வெட்டு என்பது இரண்டு கிளிப்பும் சேரும் இடம். ஒரு வினாடி டிசால்வை அந்த வெட்டுக்கு நடுவில் போட்டால், முதல் கிளிப் வெட்டைத் தாண்டி அரை வினாடி ஓட வேண்டும், அடுத்த கிளிப் வெட்டுக்கு அரை வினாடி முன்பே தொடங்க வேண்டும். வினாடிக்கு 30 ஃப்ரேம் (தனித்தனி அசையாப் படம்) என்றால் இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கம் 15. நாம் திரையில் காட்ட நினைக்கும் பகுதிக்கு வெளியே இந்த உபரி ஃப்ரேம்கள் இருந்தாக வேண்டும். தையல்காரர் துணியை அளவுக்கு ஒட்ட வெட்டாமல் ஓரம் விட்டு வெட்டுவது போலத்தான்.

நமக்கு வந்த கிளிப்புகளில் பெரும்பாலானவற்றில் ஓரம் இல்லை. அழகாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் போனிலேயே கச்சிதமாக வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். தேர் மேலவீதி முனையில் திரும்பும் கிளிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து எடுத்தது, இந்த வருடம் வந்ததிலேயே நல்ல படம் அதுதான். முட்டுக்கட்டை சக்கரத்துக்கு அடியில் போகும் கணத்தில் தொடங்கி, தேர் நேராகும் கணத்தில் முடிகிறது. அதற்கு அப்பால் ஒரு ஃப்ரேம்கூடக் கிடையாது. டிசால்வ் போட்டால் மென்பொருள் என்ன செய்யும்? கடைசி ஃப்ரேமையே திரும்பத் திரும்பக் காட்டும். உருண்டுகொண்டிருந்த சக்கரம் சட்டென்று நின்றுவிடுகிறது, வடம் பிடித்தவர்களின் கால் அந்தரத்தில் நிற்கிறது, அதன்மேல் வடக்குவீதிப் படம் ஏறுகிறது. நீங்கள் பார்த்த உறைதல் இதுதான்.

ஒவ்வொரு மென்பொருளும் இதை ஒவ்வொரு விதமாகச் சொல்லும். பிரீமியரில் போதுமான படம் இல்லை, ஃப்ரேம்கள் திரும்ப வரும் என்று ஒரு செய்தி வரும். ட்ரான்சிஷன் பட்டையில் சாய்கோடுகள் தெரியும். டாவின்சி ரிசால்வ், கிளிப்பின் ஓரத்தை வெட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்கும். யோசிக்காமல் சரி கொடுத்தால் நாம் ஆசையாக வைத்த அரை வினாடி போய்விடும். ஐமூவியில் கேட்ட நீளத்துக்குப் பதில் குட்டையான ட்ரான்சிஷன் விழும். ஷாட்கட்டில் கணக்கே வேறு: ஒரே ட்ராக்கில் (கிளிப்புகளை அடுக்கும் வரிசையில்) ஒரு கிளிப்பை இழுத்து இன்னொன்றின்மேல் ஏற்றினால் அந்த மேற்படியும் பகுதிதான் ட்ரான்சிஷன். அங்கே உறையாது, ஆனால் காட்ட நினைத்த படத்திலிருந்தே அந்த ஒரு வினாடி செலவாகும்.

அதனால் என் முதல் வேண்டுகோள்: வெட்டாத மூலக் கிளிப்பை அனுப்புங்கள். அழித்துவிட்டோமே என்று பதற வேண்டாம், பெரும்பாலும் அது போனிலேயே இருக்கும். ஐபோனின் ஃபோட்டோஸில் வெட்டி அதே வீடியோவாகச் சேமித்திருந்தால், எடிட்டுக்குள் போய் 'ரிவர்ட்' அழுத்தினால் முழுசும் திரும்பி வரும். புதிய கிளிப்பாகச் சேமித்திருந்தால் பழையது தனியாக அப்படியே கிடக்கும். கூகுள் ஃபோட்டோஸும் வெட்டியதைப் பிரதியாகத்தான் சேமிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வெட்டியவர்களுக்குக் கவலையே வேண்டாம், கேலரியில் இருப்பது தொடப்படவில்லை.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். கூட்டத்தில் இருக்கும் முகங்கள்தான் முதலில் குழம்பிப்போகும், நமக்கு வேண்டியதே அந்த முகங்கள்தானே. 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும். அதைவிடப் பெரியது என்றால் கூகுள் டிரைவ் இணைப்பு போதும். இனிமேல் படம் எடுக்கும்போது, வேண்டிய காட்சிக்கு இரண்டு மூன்று வினாடி முன்பே பட்டனை அழுத்தி, முடிந்த பிறகும் இரண்டு மூன்று வினாடி விட்டு நிறுத்துங்கள்.

சரி, மூலம் உண்மையிலேயே போய்விட்டது என்றால்? டிசால்வை 6 அல்லது 8 ஃப்ரேமாகக் குறைத்துப் பாருங்கள், உறைதல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கிளிப்பில் மட்டும் ஓரம் இருந்தால், ட்ரான்சிஷனை நடுவில் வைக்காமல் வெட்டில் தொடங்கும்படியோ வெட்டில் முடியும்படியோ நகர்த்தலாம். இரண்டுமே ஒத்துவரவில்லையா, எதையும் கரைக்காமல் ஒரு படம் முடிந்ததும் அடுத்தது வரும்படி நேர் வெட்டு போடுங்கள். என்னைக் கேட்டால் இந்த வீடியோவில் முக்கால்வாசி இடத்தில் நேர் வெட்டுதான் அழகு. தேர் நகர்ந்துகொண்டே இருக்கிறது, கூட்டம் இழுத்துக்கொண்டே இருக்கிறது, அங்கே படத்தைக் கரைத்தால் வேகம் செத்துப்போகும். நேரம் கடந்ததைக் காட்ட வேண்டிய இடத்துக்கு மட்டும் டிசால்வை வைத்துக்கொள்வோம்: காலையில் தேரடியில் வடம் பிடிப்பது முடிந்து மாலை வடக்குவீதிக்குப் போகும்போது, பிறகு தேர் நிலைக்கு வரும்போது. பக்கம் புரள்வது, நட்சத்திரமாக விரிவது எல்லாம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மாறும் இடத்தில் ஒரு கணம் கறுப்பு மின்னுகிறது என்று துபாய் அண்ணன் எழுதியிருந்தார். அது இரண்டு கிளிப்புக்கும் நடுவே ஒரு ஃப்ரேம் இடைவெளி. கிளிப்புகள் அடுக்கிய டைம்லைனை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும், அதை நீக்கினால் போதும். மாறும்போது வெளிச்சம் குப்பென்று ஏறுவது வேறு சங்கதி. ஐபோன் 12 முதல் வந்த பெரும்பாலான ஐபோன்கள் தாமாகவே எச்.டி.ஆரில் (வெளிச்ச வேறுபாட்டை அதிகமாகப் பதியும் வகை) எடுக்கின்றன, மற்ற கிளிப்புகள் சாதாரண வகை. கேமரா செட்டிங்கில் ரெக்கார்ட் வீடியோவுக்குள் எச்.டி.ஆர் வீடியோவை அணைத்துவிட்டால் அடுத்த வருடம் இது வராது. ஏற்கெனவே எடுத்ததை நான் மாற்றிக்கொள்கிறேன்.

உதடும் பேச்சும் ஒட்டாமல் போகிற கிளிப்புகளுக்குக் காரணம், போன்கள் வெளிச்சம் குறையும்போது ஃப்ரேம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்வது. இரவு வாணவேடிக்கை கிளிப்புகளில் இது நிறைய. ஷாட்கட் இப்படிப்பட்ட கிளிப்பைத் திறக்கும்போதே எடிட்டுக்கு ஏற்றதாக மாற்றட்டுமா என்று கேட்கும், சரி கொடுங்கள். மற்றவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் வீடியோ பகுதிக்குப் போய் நிலையான ஃப்ரேம் வேகம் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டு எடிட்டைத் தொடங்குங்கள். பாதி எடிட் முடித்த பிறகு மாற்றினால் வெட்டிய இடமெல்லாம் நகர்ந்துவிடும். ப்ரிவியூவில் திக்கினால் உடனே கோளாறு என்று முடிவு கட்ட வேண்டாம். 4கே கிளிப் இரண்டு ஒன்றாக ஓடும்போது பழைய லேப்டாப் திணறும். அந்தப் பத்து வினாடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அதில் சரியாக ஓடினால் பிரச்சினை இல்லை.

பழைய புகைப்படத் தொகுப்பு செய்கிற அக்காவுக்கு: பாட்டு முடியும் முன்பே படங்கள் தீர்ந்துபோவது உங்கள் தவறு இல்லை. 60 படம், ஒவ்வொன்றும் 5 வினாடி என்றால் 300 வினாடி. ஆனால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஒரு வினாடி ஏறும்போது, நடுவில் உள்ள 59 ட்ரான்சிஷனும் ஆளுக்கொரு வினாடியைத் தின்றுவிடும். மிஞ்சுவது 241. படத்தை 6 வினாடியாக வையுங்கள், 360இல் 59 போக 301 வரும், ஐந்து நிமிடப் பாட்டுக்குச் சரியாக இருக்கும். ட்ரான்சிஷன்களை எல்லாம் போட்டு முடித்துவிட்டு, அப்புறம் பாட்டை வையுங்கள்.

நான் மிகவும் கவலைப்படுவது ஒலியைப் பற்றி. டிசால்வ் போட்டால் பல மென்பொருள்கள் ஒலியையும் சேர்த்துக் கரைக்கும். கூட்ட இரைச்சலுக்கு அது நல்லது. நாதஸ்வரத்துக்கு ஆகவே ஆகாது. தேரடியில் மல்லாரி (சுவாமி புறப்பாட்டுக்கு நாதஸ்வரத்தில் வாசிப்பது) வாசிக்கும் இடத்தில் இரண்டு கிளிப்பின் ஒலி ஒரு வினாடி மோதுகிறது. இரண்டும் மல்லாரியின் வேறு வேறு இடம், தவிலின் நடை ஒன்றையொன்று மிதிக்கிறது. வாசித்தவர்கள் கேட்டால் மனம் நோகும். அங்கே ஒரே கிளிப்பின் ஒலியை முதலிலிருந்து கடைசி வரை வெட்டாமல் கீழே ஓடவிட்டு, மேலே படத்தை மட்டும் மாற்றுங்கள். ஒலியைப் படத்திலிருந்து பிரித்து வேறு ட்ராக்கில் போடும் வசதி ஷாட்கட், கேடென்லைவ், ஐமூவி எல்லாவற்றிலும் உண்டு. விரல்களை நெருக்கத்தில் காட்டும் படத்தை மட்டும் இந்த இடத்தில் வைக்காதீர்கள், ஒலியோடு பொருந்தாது. தூரத்துக் கூட்டம், கோபுரம், தேர்ச்சீலை என்று வைக்கலாம்.

1990களில் எடுத்த வீடியோ கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றியவை வினாடிக்கு 25 ஃப்ரேம், அதுவும் ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் தனித்தனியாக எடுத்துப் பின்னியவை. அசையும் விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடு வரும். அவற்றை யாரும் தொட வேண்டாம், டிவிடி கோப்புகளை அப்படியே அனுப்புங்கள், நான் வரி பிரித்துத் தருகிறேன். மறைந்துபோன பெரியவர்கள் பலர் அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறார்கள்.

இப்போதைக்கு அவசரமாக வேண்டியது மேலவீதி முனை கிளிப்பின் மூலமும், தேரடியில் நாதஸ்வரக் குழுவுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தவர்களின் முழு நீளப் பதிவும். ஒலி தெளிவாக இருந்தால் போதும், படம் ஆடினாலும் பரவாயில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் டிரைவில் போட்டுவிட்டு இங்கே ஒரு வரி சொல்லுங்கள்.

அன்புடன்,
வீடியோ வேலை பார்ப்பவர்கள் சார்பாக