வினவல் தாவல்கள் தாமாகத் திறப்பது உதவியா, தொல்லையா?

கிடுகுவேலி:
நேற்று மாலை கோண்டாவிலில் மின்சாரம் நின்றது. யூபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. தரவுத்தளத்துக்கு வினவல்களை (கட்டளைகளை) எழுதி ஓட்டும் மைஎஸ்கியூஎல் வேர்க்பெஞ்ச் மென்பொருளில் பதினொரு தாவல்கள் திறந்திருந்தன. ஒன்றையும் நான் கோப்பாகச் சேமிக்கவில்லை. இரவு மீண்டும் இணைந்தபோது பதினொன்றும் அப்படியே வந்து நின்றன. வேறு அமைப்பு கொடுக்காவிட்டால் 10 விநாடிக்கு ஒருமுறை அது தானாகவே சேமிக்கிறது. "தாவலை நம்பாதே, கோப்பாக்கிவிட்டு மூடு" என்று போன கிழமை எழுதிய வடலி அண்ணை இப்போது என்ன சொல்கிறார்?

வடலி:
அதையேதான் சொல்கிறேன், தம்பி. சுன்னாகத்தில் ஓர் இரும்புக்கடையின் கணக்குத் தரவுத்தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். சோதித்துப் பார்க்கப் போட்ட பதிவுகளை வெள்ளிக்கிழமை டிலீட் கட்டளையால் அழித்தேன்: இலக்கம் 4000க்கு மேற்பட்டவை எல்லாம். சனிக்கிழமை உண்மையான கடன் கணக்குகள் அதற்கு மேற்பட்ட இலக்கங்களில் ஏறின. திங்கள் காலை அந்தத் தாவல் தானாகத் திறந்தது. கடைப் பையன் அதன் கீழே பதிவுகளைப் பார்க்க ஒரு செலக்ட் கட்டளை எழுதி, எதையும் தெரிவு செய்யாமல் கட்டளையை ஓட்டும் மின்னல் குறியை அழுத்திவிட்டான். தெரிவு இல்லாவிட்டால் தாவலில் உள்ளது முழுவதும் ஓடும்; என் பழைய டிலீட்டும் ஓடி, அந்தக் கடன் கணக்குகளை அழித்துவிட்டது.

கிடுகுவேலி:
வேர்க்பெஞ்சின் பாதுகாப்பு முறை அந்த டிலீட்டைத் தடுத்திருக்குமே!

வடலி:
பதிவு இலக்கம் போன்ற சாவி நிரலைக் குறிப்பிடாத டிலீட்டைத்தான் அது தடுக்கும். என் கட்டளையில் சாவி இருந்தது. மாற்றங்களை உடனுக்குடன் உறுதியாக்கும் தானியங்கு கொமிட்டும் இயங்கியதால் திரும்பப்பெற வழியில்லை. முதலாளி எல்லாக் கடனையும் கொப்பியிலும் எழுதி வைப்பவர்; அந்தப் பழைய பழக்கம்தான் என் மானத்தைக் காத்தது.

நுங்கு:
இருவருமே எழுத்தைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். தாவல் திரும்பி வந்தாலும் சேவையகத்தில் இருந்த அமர்வு, அதாவது அந்த இணைப்பின் நிலை, திரும்பி வராது. தற்காலிக அட்டவணைகள் அழிந்துவிடும், கொமிட் செய்யாத மாற்றங்கள் பின்வாங்கப்படும். அட்டவணை இல்லாவிட்டால் பிழைச்செய்தியாவது வரும். மைஎஸ்கியூஎல்லில் @ போட்ட மாறிகள் சத்தமின்றி வெறுமையாகிவிடும். ஒரு மாலை முழுவதும் "ஆவணி மாதம் விற்பனையே இல்லை" என்று நம்பிக்கொண்டிருந்தேன். தொடக்கத் தேதியை வைத்திருந்த மாறிதான் காலியாக இருந்தது.

கிடுகுவேலி:
மாறிக்கு மதிப்பிடும் வரியைத் தாவலின் தலையில் வைத்தால் போதும், அக்கா. அதற்காகப் பிற்பகல் முழுவதும் எழுதியதை இழக்கச் சொல்கிறீர்களா?

நுங்கு:
இழக்கச் சொல்லவில்லை. திறந்த உடனே ஓட்டாதீர்கள் என்கிறேன்.

வடலி:
யார் கேட்பார்? மின்னல் குறி கண்ணெதிரே இருக்கும்போது கை சும்மா இருக்காது. தம்பி, அந்தப் பதினொரு தாவல்களில் எத்தனையில் டிலீட் இருக்கிறது என்று பார்த்துச் சொல்.

கிடுகுவேலி:
இரண்டில் இருந்தது. ஒன்றை இப்போதுதான் மூடினேன்.