புதுப்பிப்பு: 8 ஜிபி ராமில் ஓடும் டைல் சர்வர் (வரைபடத்தைச் சிறு சதுரப் படங்களாகத் தரும் சர்வர்), இப்போது நல்ல வேகம்

முன்பு நான் கேட்டது: 4 கோர், 8 ஜிபி ராம் உள்ள மெஷினில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தென்னிந்தியத் தரவை மேப்னிக் (படம் வரையும் மென்பொருள்), ரெண்டர்டி (அதற்கு வேலையை வரிசைப்படுத்தித் தருவது) வைத்து வரைகிறேன், ஜூம் 8 முதல் 12 வரை ஒரே இழுவை, என்ன செய்யலாம்?

பதில் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி. அதிகம் கைகொடுத்தது, வரைபடத் தரவு இருக்கும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஜேஐடியை (வினவலை ஓட்டும்போதே கம்பைல் செய்யும் வசதி) அணைத்ததுதான். 12ஆம் பதிப்பு முதல் அது தானாகவே இயங்கும். வினவலை எப்படி ஓட்டுவது என்று முடிவுசெய்யும் பிளானர் அதன் செலவைக் கூட்டிக் கணித்துவிட்டால், சின்ன வினவலைக்கூடக் கம்பைல் செய்யக் கிளம்பிவிடும். வினவலை ஓட்டுவதைவிட அதற்கே நேரம் போனது, நேரக்கணக்கைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கட்டளையில் பளிச்சென்று தெரிந்தது. கான்ஃபிக்கில் ஒரே வரி, அவ்வளவுதான்!

அப்புறம், கார்ட்டோ ஸ்டைலோடு (வரைபடத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தொகுப்பு) வரும், தரவை வேகமாகத் தேட உதவும் இன்டெக்ஸ் கோப்பைக் கட்டாயம் ஓட்டுங்கள். எல்லைக்கோடு, நீர்நிலை வினவல்கள் அதற்குப் பிறகுதான் உருப்பட்டன. எஸ்எஸ்டி என்பதால் போஸ்ட்கிரெஸின் ரேண்டம் பேஜ் காஸ்டையும் (வட்டில் அங்கங்கே தாவிப் படிப்பதற்கான செலவு மதிப்பு) 4லிருந்து 1.1க்கு இறக்கினேன்.

ஜூம் 8 முதல் 12 வரை நமக்கு வேண்டிய பகுதியை மட்டும் முன்கூட்டியே வரைந்து வைத்தாயிற்று. உலகம் முழுக்க என்றால் ஜூம் 12 என்ற அந்த ஒரு மட்டத்திலேயே சுமார் 1.68 கோடி டைல்கள்! அதற்கு மேலான ஜூம்களைக் கேட்கும்போது வரைந்தால் போதும். ஒரே தடவையில் வரையப்படும் மெட்டாடைல் என்ற தொகுதியில் 64 டைல்கள் சேர்ந்தே வருவதால் பக்கத்தில் நகர்த்தினாலும் தடங்கல் இல்லை.

ஜூம் 7 இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. அதை இரவில் ஓடவிட்டிருக்கிறேன்.