மவுத் ஆர்கனில் சரளி வரிசை: எந்த வகை வாங்குவது?

காரைக்குடிக்காரர்:
எங்கள் ஐயா மலேயாவிலிருந்து கொண்டுவந்த மவுத் ஆர்கன் ஒன்று பெட்டகத்தில் கிடந்தது. மேலும் கீழுமாக இரண்டு வரிசை, வரிசைக்கு 24 ஓட்டை. ஊதினால் சத்தம் அலையலையாக வருகிறது, கேட்க அவ்வளவு சுகம். பாட்டு படிக்கிற மகள் அதில் முதல் பாடமான சரளி வரிசையை வாசித்துப் பார்த்தாள், ரியும் தவும் மட்டும் சேரவே இல்லை. ரீடு (உள்ளே அதிர்கிற தகடு) போய்விட்டதா? கடையில் 10 ஓட்டை ஒன்றும், பக்கத்தில் பொத்தான் வைத்த ஒன்றும் காட்டுகிறார்கள். எதை எடுக்கலாம்?

தேவகோட்டை ரசிகன்:
ரீடு நன்றாகத்தான் இருக்கிறது அண்ணே. அது ட்ரெமலோ வகை. ஒரே ஸ்வரத்துக்கு மேலே ஒரு ரீடு, கீழே ஒரு ரீடு, இரண்டின் சுருதியையும் மயிரிழை விலக்கி வைத்திருப்பார்கள், அந்த அலை அதனால்தான். ஆனால் பெரும்பாலும் அதில் இருப்பது சங்கராபரண ராகத்தின் ஏழு ஸ்வரம் மட்டுமே. சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகம் ஆயிற்றே, அதற்கு வேண்டிய தாழ்ந்த ரி, த, அதாவது சுத்த ரிஷபத்துக்கும் சுத்த தைவதத்துக்கும் எங்கே போவது? மோகன ராகம் வாசிக்கச் சொல்லுங்கள், அப்படியே வரும்.

பள்ளத்தூர்:
பொத்தான் வைத்தது க்ரோமாட்டிக், அதையே வாங்குங்கள். அமுக்கினால் அரை ஸ்வரம் ஏறும், 12 ஸ்வரமும் கிடைக்கும். சி சுருதிக் கருவியில் முதல் ஓட்டையை ஊதினால் ச, அதையே பொத்தானை அமுக்கி ஊதினால் ரி. இரண்டாவதை ஊதினால் க, இழுத்தால் ம. மூன்றாவதில் ஊதினால் ப, பொத்தானோடு த. நான்காவதை இழுத்தால் நி, ஊதினால் மேல் ச. அவ்வளவுதான்! விலை கூடத்தான், ஆனால் பாட்டு படிக்கிற பிள்ளைக்கு இதுதான் சரி. சீப்புச்சீடை தின்ற வாயோடு ஊதவிடாதீர்கள், பொத்தான் ஒட்டிக்கொள்ளும்.

கண்டனூர் தம்பி:
10 ஓட்டையை அப்படித் தள்ளிவிடாதீர்கள். அதிலும் நான்காவதையும் ஆறாவதையும் நாக்கைப் பின்வாங்கி வளைத்து இழுத்தால் அதே ரியும் தவும் வரும். சுருதி பிசகாமல் நிறுத்த நாளாகும், உண்மைதான். ஆனால் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கி இறங்குகிற அந்தக் குழைவு இருக்கிறதே, பொத்தான் தட்டினால் அது வராது, நம் சங்கீதத்துக்கு அதுதானே உயிர்.

காரைக்குடிக்காரர்:
நன்றி. மகள் பாடுவது 5 கட்டை சுருதியில், அதற்கு ஏதாவது பார்க்க வேண்டுமா?

பள்ளத்தூர்:
கட்டாயம். 10 ஓட்டை என்றால் 5 கட்டைக்கான ஜி என்று கேட்டு வாங்குங்கள், சும்மா கேட்டால் சி-யைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், அது 1 கட்டை. க்ரோமாட்டிக் சி-யிலேயே 5 கட்டைக்கும் வாசிக்கலாம், ஆனால் நான் மேலே சொன்ன ஓட்டைக் கணக்கு மாறிவிடும், மூன்றாவதை ஊதி ச தொடங்க வேண்டும்.